பிண்ணாக்கு எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சுகம் விசாரித்து முடிவதற்குள் பிண்ணாக்கின் விலை வந்துவிடும். பாலின் விலை அதற்குப் பிறகுதான். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் தீனி விலை ஏறிய கதையை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் முடியும்: "என்ன செய்வது, கன்று வளர வேண்டுமென்றால் பிண்ணாக்குப் போடத்தானே வேண்டும்."

அந்த நம்பிக்கை பாதி சரி. மற்றப் பாதி கொட்டில் வாய்க்கால் வழியாக மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைத் தேடிப் போகிறது. அந்த மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி ஓர் அண்ணை இருக்கிறார். ஓய்வுபெற்ற அரச ஊழியர். ஜேர்சிக் கலப்பு நாகு ஒன்றை, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசுவை, பிள்ளை மாதிரி வளர்க்கிறார். அதற்குக் காலையில் தேங்காய்ப் பிண்ணாக்கு ஊறவைத்த வாளி, மாலையில் கடையில் வாங்கிய கலப்புத் தீனி, அதற்கு மேலும் ஒரு கை எள்ளுப் பிண்ணாக்கு. இவ்வளவு போடச் சொன்னது யார் என்று கேட்டேன். தீனி விற்றவராம். கொட்டிலுக்குள் காலையில் நுழைந்தால் கண் எரியும். சாணம் கட்டியாக விழாமல் சிதறும். சுத்தம் போதவில்லை என்று நினைத்து அண்ணை நாளுக்கு இரண்டு தரம் கழுவுகிறார்.

"அண்ணை, அது ஊத்தையின் மணம் இல்லை. உங்கள் பென்சனின் மணம்" என்றேன். சிரித்தார். ஆனால் வாளியில் ஒரு பிடி குறையவில்லை.

இதில் எனக்கு வாய் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விவசாயம் படித்த காலத்தில் நைதரசன் சமநிலைப் பரிசோதனை ஒன்றில் கையாளாக நின்றிருக்கிறேன். இளம் நாம்பன்களை, அதாவது ஆண் கன்றுகளை, தனித்தனிக் கூண்டில் நிறுத்தி, தின்றதை எடைபோட்டு, சாணத்தை முழுவதாகச் சேர்த்து எடைபோட்டு, மூத்திரத்தை அமிலம் ஊற்றிய வாளியில் பிடித்து அளக்கிற வேலை. அமிலம் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் அளக்க வேண்டிய நைதரசன் அமோனியாவாகி வாளியை விட்டுப் பறந்துவிடும். அண்ணையின் கொட்டிலில் கண்ணைக் கரிப்பதும் அதேதான். என் படிப்பின் இந்தப் பகுதியை வீட்டில் எவரும் உறவினரிடம் பெருமையாகச் சொன்னதில்லை.

புரதத்தைப் பேசும்போது ஏன் நைதரசனை அளக்கிறார்கள்? மாப்பொருளிலும் கொழுப்பிலும் இல்லாத நைதரசன் புரதத்தில் ஏறத்தாழ 16 வீதம் இருக்கிறது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் மதுபான ஆய்வுகூடத்தில் யொஹான் கெல்டால் நைதரசனை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கிடைக்கும் எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதம். தீனிப் பையில் அச்சடித்திருக்கும் "புரதம் 18%" இந்தப் பெருக்கலின் விளைவுதான். பைக்குள் யூரியாவைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். 2008இல் சீனாவில் பாலில் நைதரசன் நிறைந்த மெலமினைக் கலந்தவர்கள் ஏமாற்றப் பார்த்ததும் இதே கணக்கைத்தான்.

இனி வயிற்றுக்குள் போவோம். விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நாம் பருப்புச் சாப்பிட்டால் பருப்பின் புரதம் நம் குடலில் உடைந்து நேரே நமக்குச் சேர்கிறது. மாட்டில் அப்படியில்லை. அது விழுங்குவது முதலில் போய் விழுவது நான்கு அறை வயிற்றின் பெரிய அறையான ரூமனில். காற்றில்லாத அந்தச் சூட்டுக்குள் ஒரு மில்லிலீற்றருக்கு ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. புரோட்டோசோவாக்களும் பங்கசுக்களும் வேறு. நாம் காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கை முதலில் தின்பவை அவைதான். புரதத்தை உடைத்துப் பெரும்பகுதியை அமோனியாவாக்குகின்றன. பிறகு அந்த அமோனியாவையே எடுத்துத் தங்கள் உடலைக் கட்டிப் பெருகுகின்றன. பெருகியவை வழிந்து அடுத்த அறைகளுக்குப் போகும்போது மாடு அவற்றைச் செரிக்கிறது. சிறுகுடலுக்கு வந்துசேரும் புரதத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்களின் உடல்தான். புல்லைத் தவிர வேறொன்றும் அறியாது என்று நாம் நம்பும் பசு நாள் முழுவதும் கோடானுகோடி உயிர்களைச் செரித்தபடி நிற்கிறது. சைவமான எங்கள் ஆச்சியிடம் இதை நான் சொல்லவில்லை.

இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்லாந்தின் ஆர்த்தூரி விர்த்தனன் 1960களில் காட்டினார். 1945இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றவர் அவர். புரதமே இல்லாத தீனியைக் கொடுத்து, நைதரசனுக்கு யூரியாவையும் அமோனியம் உப்பையும் மட்டும் சேர்த்துக் கறவை மாடுகளை வைத்திருந்தார். மாடுகள் உயிரோடு இருந்தன, பாலும் கறந்தன. அந்தப் பாலின் புரதம் முழுவதும் நுண்ணுயிர்களின் கைவேலை.

ஆனால் அமோனியா மட்டும் இருந்தால் வேலை நடக்காது. கல்லும் சீமெந்தும் முற்றத்தில் வந்து குவிந்திருந்தாலும் மேசனுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. இங்கே மேசன்களின் சாப்பாடு மாப்பொருளும் சீனியும் செரிக்கக்கூடிய நாரும். புல், சோளம், தவிடு, மரவள்ளித் தோல் போன்றவற்றிலிருந்து வரும் சக்தி அது. அந்தச் சக்தி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நுண்ணுயிர்கள் அமோனியாவைப் பிடிக்கும். மிஞ்சியது ரூமனின் சுவர் வழியாக இரத்தத்தில் ஏறுகிறது. அமோனியா இரத்தத்துக்கு நஞ்சு. ஆகவே ஈரல் அதை உடனே யூரியாவாக மாற்றுகிறது. இந்த மாற்றத்துக்கும் சக்தி செலவாகும். வேண்டாத பிண்ணாக்கைப் போட்டுவிட்டு அதை வெளியேற்றும் கூலியையும் கன்றிடமே வாங்குகிறோம்.

ஈரல் செய்த யூரியா எல்லாம் வீணாவதில்லை. மாட்டினத்தின் பெரிய சாமர்த்தியம் இங்கே இருக்கிறது. உமிழ்நீர் வழியாகவும் ரூமனின் சுவர் வழியாகவும் ஒரு பங்கு மறுபடி வயிற்றுக்குள் திரும்புகிறது. ஈரல் உண்டாக்கும் யூரியாவில் 40 முதல் 80 வீதம் வரை இப்படிக் குடலுக்குத் திரும்பும் என்று அளந்திருக்கிறார்கள். தீனியில் புரதம் குறையக் குறையச் சிறுநீரகம் கையை இறுக்கும். திரும்பும் பங்கு கூடும். புரதம் கூடினால் பிடி தளர்ந்து மூத்திரத்தில் போகும். புரதமும் சக்தியும் வயிற்றில் ஒரே நேரத்தில் அவிழ வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஒரு காலம் மினக்கெட்டுத் தீனி வகுத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. காலையில் இல்லாததை மாலையில் இந்த மீள்வரவு நிரப்பிவிடுகிறது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே வாளியை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை விட, அதில் எவ்வளவு போடுவது என்பதுதான் பெரிய கேள்வி.

அண்ணைக்காக ஒரு கணக்கைக் கொப்பியில் போட்டுக் காட்டினேன். 150 கிலோ நாகு ஒன்று காய்ந்த எடையில் நாளுக்கு 4 கிலோ தின்கிறது என்று வைப்போம். தீனியில் 14 வீதம் புரதம் இருந்தால் 560 கிராம் புரதம். நைதரசனாகச் சொன்னால் 90 கிராம். நாகு நாளுக்கு அரைக் கிலோ வளர்ந்தால், அந்த அரைக் கிலோவில் தசையும் எலும்பும் தண்ணீரும் போகப் புரதம் 90 கிராம் அளவில்தான் இருக்கும். அதாவது உடலில் தங்கும் நைதரசன் 14 கிராம். சாணத்தில் ஏறத்தாழ 30 கிராம் போகும். மீதி 45 கிராமுக்கு மேல் மூத்திரத்தில்.

இப்போது பிண்ணாக்கைக் கூட்டிப் புரதத்தை 18 வீதமாக்குவோம். உள்ளே போவது 115 கிராம் நைதரசன். சாணத்தில் போவது அசையாமல் 30ஐ ஒட்டியே நிற்கும். உடலில் தங்குவது ஒன்றிரண்டு கிராம் கூடலாம். கூடுதலாகப் போட்ட 25 கிராமில் இருபதுக்கு மேல் மூத்திரத்தில் வந்துவிடும். அந்த 25 கிராம் என்பது ஏறத்தாழ முக்கால் கிலோ தேங்காய்ப் பிண்ணாக்கின் புரதம். எண்கள் மாட்டுக்கு மாடு மாறும். ஆனால் கூண்டில் நின்ற நாம்பன்களிலும் போக்கு இதுதான்: புரதத்தை ஏற்ற ஏற்ற உடலில் தங்குவது ஒரு கட்டத்தில் மட்டமாகிவிடும், மூத்திரத்தின் கோடு மட்டும் நிற்காமல் ஏறும்.

இந்த இடத்தில் பட்டதாரிகளையே ஏமாற்றும் கண்கட்டு ஒன்றும் இருக்கிறது. புரதத்தைக் கூட்டினால் "புரதச் செரிமானம்" தாளில் ஏறிக்கொண்டே போகும். காரணம், சாணத்தில் வரும் நைதரசனில் ஒரு பெரும் பங்கு தீனியுடையதே அல்ல. குடலின் சொந்தக் கழிவும் நுண்ணுயிர்களின் மிச்சமும். அது தீனியின் அளவைப் பொறுத்தது, புரதத்தைப் பொறுத்தது அல்ல. உள்ளே போவது கூடிச் சாணத்தில் வருவது அப்படியே இருந்தால் வீதம் தானாகக் கூடும். செரித்தது வேறு, உடலில் சேர்ந்தது வேறு. மூத்திரத்தை அளக்காத கணக்கு பாதிக் கணக்கு. விற்பனைத் துண்டுப்பிரசுரங்களில் எப்போதும் வருவது இந்தப் பாதிதான்.

இதுவரை படித்தவர்கள் பிண்ணாக்கே வேண்டாம் என்று சொல்கிறேன் என எண்ணலாம். இல்லை. தென்மராட்சிக்குப் போனால் என் பேச்சு தலைகீழாகிவிடும்.

மிருசுவிலில் என் பெரியம்மாவிடம் சில ஊர் மாடுகள் நிற்கின்றன. மாரி மழையில் புல் இருக்கும், கன்றுகள் மினுமினுக்கும். தை, மாசியில் காலபோக நெல் அறுத்து வைக்கோற் பட்டடை எழும்பும். பிறகு வெயில். சோழகம் வீசத் தொடங்கினால் தரவையில் மண்தான் பறக்கும். ஆடி, ஆவணியில் அந்தக் கன்றுகளைப் பார்த்தால் வயிறு பானை, முதுகெலும்பு வெளியே, மயிரோ, மாடு சூப்பிய பனங்கொட்டையாக நிற்கும். "வயிறு நிறைய வைக்கோல் தின்கிறது, தம்பி. பிறகும் ஏன் இப்படி?" என்று பெரியம்மா கேட்பார்.

வயிறு நிறைந்திருப்பதுதான் வருத்தமே. நெல் வைக்கோலில் புரதம் 4 வீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. தீனியில் புரதம் 7 வீதத்துக்குக் கீழே போனால் ரூமனின் நுண்ணுயிர்களுக்கே நைதரசன் காணாது. அவை பெருகாவிட்டால் நார் உடையாது. நார் உடையாவிட்டால் வயிறு வெறுமையாகாது. வெறுமையாகாத வயிற்றுக்கு மேலும் தின்ன மனம் வராது. வைக்கோல் உள்ளேயே கிடக்க, கன்று நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கிறது. இந்த நிலையில் கொடுக்கும் கொஞ்சப் புரதம் புரதமாக மட்டும் நிற்பதில்லை. அது பட்டடை முழுவதையும் செரிக்க வைக்கிறது. தின்னும் அளவையும் கூட்டுகிறது. உரும்பிராயில் மூத்திரமாகும் அதே பிடிப் பிண்ணாக்கு மிருசுவிலில் இறைச்சியாகும்.

அதற்குப் பிண்ணாக்கே தேவையும் இல்லை. பெரியம்மாவின் வேலி நெடுகச் சீமைக்கிளுவை நிற்கிறது. கிளிசரியா என்றும் சொல்வார்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கையில் அறிவிக்கப்பட்ட மரம். அதன் இலையில் காய்ந்த எடைக்கு 20 வீதத்துக்கு மேல் புரதம். இரண்டு கிலோ வைக்கோலுக்கு இரண்டு கிலோ பச்சைக் குழை சேர்த்தால், குழையின் தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலும் மொத்தப் புரதம் 7 வீதத்தைத் தாண்டிவிடும். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையை ஓர் இரவு வாட விட்டுப் போட்டால் அந்த மணம் குறையும், பிறகு பழகிவிடும். இப்பிலிப்பில் இலையும் நல்லது, ஆனால் அதையே முழுத் தீனியாக்கக் கூடாது. அதிலுள்ள மிமோசின் கூடினால் மயிர் கொட்டும். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கினால் சீனியும் கிடைத்துவிடும். பழத்தை மாடு சூப்பட்டும். பனாட்டுக்குப் போக மிஞ்சியதுதானே. பனையோலையைக் கிழித்துப் போடும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வயிற்றை நிரப்பும் நார். புரதத்துக்கு அதை நம்ப முடியாது.

வைக்கோலையே திருத்துவது இன்னொரு வழி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் வரை தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி, மூன்று கிழமை விட வேண்டும். யூரியா அமோனியாவாகி வைக்கோலின் இறுக்கத்தைத் தளர்த்தும். புரதக் கணக்கும் கூடும். எடுத்து ஆற விட்ட பிறகே போட வேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது இந்த வேலை அடியோடு நின்றது; யூரியாவைக் கண்ணால் காண முடியவில்லை. அந்த நாட்களில் அண்ணையின் நாகு போன்ற ஒவ்வொன்றும் நாளுக்கு 100 முதல் 150 கிராம் யூரியா உரத்தில் இருக்கும் அளவு நைதரசனைக் கொட்டில் தரையில் ஊற்றிக்கொண்டு நின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூரியா போட்ட எதுவும் ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றின் வாய்க்குப் போகக் கூடாது. அதன் ரூமன் அதற்குத் தயாரில்லை. கரைத்து வைத்த யூரியாத் தண்ணீரை எந்த வயது மாடு குடித்தாலும் வைத்தியர் வந்துசேர்வதற்குள் கதை முடிந்துவிடும்.

பிறந்த கன்று உண்மையில் நம்மைப் போன்ற ஒற்றை வயிற்றுப் பிராணி. பால் குடிக்கும்போது ஒரு மடிப்பு மூடிக்கொண்டு ரூமனைத் தாண்டிப் பாலை நேரே நான்காம் அறைக்கு விடுகிறது. அங்கே பால் உறைந்து மெல்லச் செரிக்கிறது. அந்த வயதில் அதற்கு ஏற்ற புரதம் பால் ஒன்றுதான். முதல் நாள் கடும்பு, அதாவது சீம்பால், கட்டாயம். நோய் எதிர்ப்புப் பொருட்கள் பிறந்த முதல் 24 மணித்தியாலத்துக்குள்தான் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகும். கடும்பை அயலுக்குப் பங்கிடும் நம் வழக்கம் எனக்கும் பிடிக்கும். கன்று குடித்த பிறகு பங்கிட்டால் இன்னும் பிடிக்கும். நாம்பன் என்றால் ஒரு முலைப் பாலைக் கூட விடாமல் கறப்பவர்களைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் கோபம் வந்துவிடும்.

முதல் கிழமைகளிலிருந்தே கொஞ்சம் தானியத் தீனியைக் கன்றின் முன் வைக்க வேண்டும். அது ரூமனில் புளித்து உண்டாகும் அமிலங்களே ரூமனின் சுவரை வளர்க்கின்றன. இந்தப் பருவத் தீனிக்கு 18 வீதப் புரதம் நியாயமானது. ஆறு மாதம் தாண்டினால் 14, ஒரு வயது தாண்டினால் 12 அளவு போதும். அண்ணையின் நாகு ஒரு வயதை நெருங்குகிறது. அவர் இன்னும் பால்குடிக் கன்றின் கணக்கில்தான் நின்றார்.

பிறகு கிணறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளில் நிற்கும் மழைத் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கு இறைக்க. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமல் இறங்கும். மூத்திரத்து யூரியா மண்ணில் அமோனியாவாகி, பிறகு நைத்திரேற்றாகித் தண்ணீரோடு போகும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இது கெடுக்கும் என்பதால் வைத்த எல்லை அது. உரும்பிராய் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியிருப்பது பழைய செய்தி. அதற்கு வெங்காயத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் பெரிய காரணங்கள். மாட்டின் தலையில் முழுப் பழியையும் போடுவது அநியாயம். ஆனாலும் அண்ணையின் கொப்பியில் இன்னொரு வரி எழுதினேன். அந்த நாகு தேவைக்கு மிஞ்சி ஒரு நாளில் கழிக்கும் 22 கிராம் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றானால், ஏறத்தாழ 2000 லீற்றர் சுத்தத் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோக அது போதும். முழுவதும் போகாது, கொஞ்சம் காற்றில் பறக்கும், கொஞ்சம் செடி எடுக்கும். அவர் கிணறு கொட்டிலிலிருந்து எத்தனை அடி என்று நான் கேட்கவில்லை. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

முன்பு புகையிலைத் தோட்டங்களில் மாட்டுப் பட்டியை இரவில் அடைத்து, இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். சாணமும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே பயிருக்குச் சேர்ந்தன. சீமெந்துத் தரை வந்ததும் சாணத்தை மட்டும் எரு என்று கூட்டி எடுக்கிறோம். நைதரசன் கூடுதலாக உள்ளதைக் கழுவி ஊற்றுகிறோம்.

கொப்பிக் கணக்கைப் பார்த்த பிறகு அண்ணை எள்ளுப் பிண்ணாக்கை நிறுத்திவிட்டார். தேங்காய்ப் பிண்ணாக்கை அரைவாசியாக்கி, அந்த இடத்துக்குத் தவிடும் காயவைத்த மரவள்ளித் தோலும் போடுகிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லை ஆளுயரம் வளர விடாமல் இளசாக வெட்டுகிறார். முற்றினால் அதிலும் புரதம் இறங்கிவிடும். நெஞ்சுச் சுற்றை நாடாவால் அளந்து எடையை மதிப்பிடுகிறோம். வளர்ச்சி பின்வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு மாட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். சாணம் கட்டியாக விழுகிறது, கொட்டிலில் கண் எரிவதில்லை, கடைக் கணக்கு குறைந்திருக்கிறது. அண்ணைக்கு இதில் கடைசியானதுதான் பெரிய ஆதாரம். கொட்டில் வாய்க்காலையும் வாழைப் பாத்திக்குத் திருப்பியிருக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியும் நிரம்பும். அதற்கு முன் மூடிய தொட்டி ஒன்று கட்டுவதா, வைக்கோலைப் பரப்பி உறிஞ்ச விட்டு எருக்குழியில் போடுவதா என்று இருவரும் வாதாடுகிறோம். தொட்டிக்கு மேசன் கேட்கும் கூலியைச் சொன்னார். நான் வைக்கோல் பக்கம்.